பொன்னுக்கு வீங்கிய தாடை

சக்கரபாணிக்கு ஒரு வியாதி பிடித்திருந்தது. அதில் சங்கடம் என்னவென்றால், அந்த வியாதி அவருக்குப் பிடித்தும் இருந்தது.

வியாதி இடது தாடையில். முதலில் வறுத்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, கடிக்கும்போது காது வரைக்கும் சுருக்கென்று இழுத்தது. ஆள் சளைக்கவில்லை, வலது பக்கமாக மென்றார். பிறகு குளிர்ந்த தண்ணீர் பட்டால் வலித்தது. சொம்பை வெயிலில் வைத்துக் குடித்தார். பிறகு ஒரு நாள் வலி தானாகவே நின்றுபோனது. பார்த்தாயா, விட்டுப் பிடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று தன்னையே மெச்சிக்கொண்டார். விழுப்புரம் திண்டிவனம் வழித்தடத்தில் காலமெல்லாம் கண்டக்டராக இருந்தவர். எவ்வளவு பெரிய சண்டையும் அடுத்த ஸ்டாப்பிங்கில் இறங்கிப் போய்விடும் என்பது அவருடைய அனுபவம். வலியையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்திருந்தார்.

ஆனால் போன வலி போகவில்லை. ஒரு வியாழக்கிழமை காலையில் முகம் கழுவப் போனவர் கண்ணாடியைப் பார்த்தால், இடது கன்னத்துக்குக் கீழே கொழுக்கட்டை வைத்தது போல வீங்கியிருந்தது. வேறு யாராக இருந்தாலும் பயந்திருப்பார்கள். சக்கரபாணிக்குச் சிரிப்பு வந்தது. வாய் திறக்கவில்லை என்பதால் மூக்கால் சிரித்தார். நேராகப் போய் பீரோவைத் திறந்து, மூன்று வருஷத்துக்கு முன் செத்துப்போன தன் மனைவி தைலம்மாளின் தங்கச் சங்கிலியை எடுத்தார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் தாடை வீங்கினால் அதற்குப் பொன்னுக்கு வீங்கி என்று பெயர். பொன்னைக் கேட்டு வீங்குகிறதாம். கேட்டதைக் கொடுத்துவிட்டால், அதாவது கழுத்தில் ஒரு தங்கச் சங்கிலியைப் போட்டுவிட்டால், அது பாட்டுக்கு அடங்கிவிடுமாம். இத்தனை ஆசையுள்ள வியாதியை வேறெங்கும் பார்க்க முடியாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வருவதுதான் வழக்கம். சக்கரபாணிக்கு அது கல்யாணம் ஆன முதல் வருஷத்தில் வந்தது.

அப்போது அவர்கள் கோலியனூரில் இருந்தார்கள். அவருக்கு வேலைக்குச் சேர்ந்த புதிது. விடிவதற்குள் டெப்போவுக்கு ஓடுவார், இருட்டிய பிறகு காக்கிச்சட்டையும் தூசியுமாக வருவார். புதுப்பெண்ணும் புது மாப்பிள்ளையும் பேசிக்கொண்டது "சோறு போடவா", "போடு" என்ற அளவுக்குத்தான். இவருக்கு வாய் கொஞ்சம் நீளம். பஸ்ஸில் பேசிப் பேசிப் பழகி, வீட்டிலும் இவரே பேசுவார். தைலம்மாள் வாயைத் திறப்பதற்குள் இவர் அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பார்.

அந்த மனுஷனுக்குத்தான் தாடை வீங்கியது. வாய் ஒரு விரல்கடை கூடத் திறக்கவில்லை. விசிலைப் பல்லில் இடுக்க முடியாத கண்டக்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? டெப்போவில் லீவு கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

"பல்லு மாதிரி இருக்குதே. விழுப்புரம் போயி டாக்டராண்ட காட்டலாம், வாங்க" என்றாள் தைலம்மாள். இவர் கையை ஆட்டினார், தலையை ஆட்டினார், ஊசி குத்துவது போல ஜாடை காட்டி உடம்பையே ஆட்டினார். ஊசி என்றால் சக்கரபாணி ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்துவிடுவார். அவள் கொஞ்சநேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "சரி உடுங்க. இது பொன்னுக்கு வீங்கிதான்" என்று தன் தாய்வீட்டுச் சங்கிலியைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டாள். அதன் கொக்கி கெட்டி. விரலுக்கு வராது. அவர் பிடரியில் முகத்தை வைத்து, பல்லால் கடித்துத்தான் மாட்டினாள். கல்யாணம் ஆகி மாசக்கணக்கான பிறகும், அவள் மூச்சு அத்தனை கிட்டத்தில் பகலில் பட்டது அன்றைக்குத்தான். சக்கரபாணிக்கு வலி எந்தப் பக்கம் என்பதே மறந்துபோனது.

அந்த வாரம் முழுக்க அவள் பேசினாள். இவருக்குத்தான் பேச முடியாதே. கேப்பைக் கூழை நீர்க்கக் கரைத்து ஸ்பூனால் ஊட்டிக்கொண்டே பேசினாள். பள்ளிக்கூடத்தில் தன் சிலேட்டை உடைத்தவளின் பெயர், கிணற்றில் விழுந்த ஆட்டுக்குட்டி, தனக்கு மீன் பிடிக்கும் ஆனால் முள் எடுக்கத் தெரியாது என்பது, பெண் பார்க்க வந்த அன்று இவர் சட்டையில் பட்டன் ஒன்று மாறிப் போட்டிருந்தது. எல்லாம் வந்தது. பஸ்ஸின் டிரைவர் அய்யப்பன் பார்க்க வந்து, "இன்னாடா கண்டக்டரு, கல்யாணப் பொண்ணு மாதிரி செயினு போட்டுக்கினு குந்தினுகீற!" என்று சிரித்தபோது, தைலம்மாளும் சேர்ந்து சத்தம்போட்டுச் சிரித்தாள். அவள் இப்படிச் சிரிப்பாள் என்பதே இவருக்கு அப்போதுதான் தெரியும். அந்த வாரத்தில்தான் சக்கரபாணிக்குக் கல்யாணம் ஆனது. பத்திரிகையில் போட்ட தேதி சும்மா ஊருக்காக.

இப்போது சொல்லுங்கள், அதே இடத்தில் அதே வீக்கம் திரும்பி வந்தால் மனுஷன் சந்தோஷப்படுவாரா, மாட்டாரா?

சங்கிலியை முன்பக்கமாக இழுத்து, வலது பக்கத்துப் பல்லால் கடித்து மாட்டிக்கொண்டார். பிடரியில் யாரும் மூச்சு விடவில்லைதான். ஆனாலும் கூழ் கரைத்துக் குடித்தபோது எதிரில் அவள் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. காய்ச்சல் வந்தது. வரட்டும் என்றிருந்தார். வீக்கம் கன்னத்தை விட்டுத் தாடைக்கு அடியில் இறங்கியது. எச்சில் விழுங்கும்போது தொண்டையில் நெருடியது. வீடு முழுக்க அவள் பேச்சுக் கேட்டுக்கொண்டிருந்ததால் அவருக்கு அதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் சங்கவி வந்தாள். திண்டிவனத்தில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறவள். வாசலில் செருப்பை விடும்போதே அப்பாவைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாப்பா இது கோலம்? அம்மா செயினப் போட்டுக்கினு?"

"பொன்னுக்கு வீங்கி" என்றார் பல்லைக் கடித்தபடி. கடிக்காமல் பேச முடியவில்லை.

"இந்த வயசுலயா? எத்தினி நாளா?"

"வெசாயக்கெழமலருந்து. அடங்கிடும்."

"வாயத் தொற, பாக்கலாம்."

அவர் திறந்தார். சங்கவியின் சுண்டுவிரல்கூட நுழையவில்லை. நெற்றியில் கை வைத்தவள் சட்டென்று எடுத்தாள். "இப்பிடிக் கொதிக்குது. ஜல்தி கெளம்புப்பா. திண்டிவனத்துல எனக்குத் தெரிஞ்ச பல்லு டாக்டரு இருக்காங்க. ஞாயித்துக்கெழமையும் பாப்பாங்க."

"அந்தப் பேஜாரெல்லாம் வாணாம். உங்கம்மா இருந்தா சங்கிலி போட்டு உட்டு, அது பாட்டுக்கு அடங்கிடும்னுருப்பா."

அம்மா பெயரை எடுத்ததும் சங்கவியின் கண் சங்கிலிக்குப் போனது. அப்பாவையே கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "சரிப்பா. சங்கிலியக் கழட்ட வாணாம். போட்டுக்கினே வா" என்றாள். அச்சு அசல் தைலம்மாளின் குரல். மறுக்க வழியில்லாமல் போய்விட்டது.

பஸ் அவருடைய பழைய வழியில்தான் போனது. முண்டியம்பாக்கம் வந்தது, விக்கிரவாண்டி டோல்கேட் வந்தது. ஒவ்வொரு ஸ்டாப்பிங்கும் வருவதற்கு முன்னால் அவர் உதடு தானாக அசைந்தது. சத்தம்தான் வரவில்லை. கூட்டேரிப்பட்டில் ஒரு சின்னப் பெண்ணும் அவள் கணவனும் ஏறி, ஒரே சீட்டில் இடம் கிடைக்காமல் முன்னும் பின்னுமாக உட்கார்ந்தார்கள். சர்வீஸில் இருந்த காலமாக இருந்தால் நாலு பேரை நகர்த்தி அவர்களைச் சேர்த்து உட்கார வைத்திருப்பார். இன்று சங்கிலியைத் தொட்டுக்கொண்டு சும்மா இருந்தார். ஒரு பயம் மட்டும் உள்ளே இருந்தது. அதை மகளிடம் சொல்லவில்லை. இந்த டாக்டர் ஏதாவது செய்து வீக்கத்தை வற்ற வைத்துவிட்டால், திரும்பி வந்தவளும் அதோடு போய்விடுவாள். ஒரு தடவை அனுப்பிவைத்ததே போதும் என்றிருந்தது அவருக்கு.

டாக்டர் கலைப்பிரியா சின்ன வயசுக்காரி. தாடையைத் தொடுவதற்கு முன்னால் வேறெதையோ கேட்டாள்.

"நடந்தா, படி ஏறினா இந்த வலி வருதா ஐயா? நெஞ்ச அழுத்துற மாதிரி, வேர்க்கிற மாதிரி?"

இல்லை என்று தலையாட்டினார்.

"தாடைல வலின்னா நிறைய பேரு பல்லுன்னே நினைச்சுக்குவாங்க. சில சமயம் அது நெஞ்சோட வலியா இருக்கும். அப்படி இருந்தா என்கிட்ட வரக் கூடாது, நேரா பெரிய ஆஸ்பத்திரி. உங்களுக்கு அது இல்ல. இருந்தாலும் இவ்வளவு நாள் உட்டிருக்கக் கூடாது. ஒரு எக்ஸ்ரே எடுத்துருவோம்."

எக்ஸ்ரே எடுக்கும் ஆரோக்கியசெல்வி, "கண்ணாடி, வாட்ச்சு, செயினு எல்லாம் கழட்டிடுங்க ஐயா" என்று சொல்லிவிட்டு மெஷினைத் தயார் பண்ணப் போனாள். சக்கரபாணி கண்ணாடியைக் கழற்றினார். வாட்ச்சைக் கழற்றினார். சங்கிலியைக் காலருக்குள் தள்ளி, கழுத்துப் பட்டனைப் போட்டு, கீழே இறங்காமல் நெருக்கி வைத்துக்கொண்டார். எத்தனை பேர் பிள்ளையை மடியில் மறைத்து அவரை ஏமாற்றப் பார்த்திருக்கிறார்கள்! அந்த வித்தை இன்றைக்கு இவருக்குக் கைகொடுத்தது. மெஷின் அவர் தலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

கம்ப்யூட்டரில் படம் வந்ததும் டாக்டர் நெற்றியைச் சுருக்கினாள். சக்கரபாணியும் எட்டிப் பார்த்தார். அவருடைய தாடை முழுவதும், பல்லெல்லாம் வரிசையாக, சாம்பல் நிறத்தில் விரிந்து கிடந்தது. அதன் குறுக்கே வெள்ளை வெளேரென்று ஒரு பட்டை. உற்றுப் பார்த்தால் கண்ணி கண்ணியாகத் தெரிந்தது. தைலம்மாளின் சங்கிலி.

"ஐயா, செயினு போட்டிருக்கீங்களா? எது தெரியணுமோ அது மேலயே நிழல் விழுந்திருக்கு. கழட்டிட்டு இன்னொரு தடவ எடுக்கணும்."

"கழட்ட மாட்டேன்மா."

சங்கவி வாயைத் திறந்தாள். டாக்டர் கையமர்த்தினாள். "ஏன் ஐயா?"

அவர் சொன்னார். பல்லிடுக்கால் ஒவ்வொரு வார்த்தையாகத் தள்ளித் தள்ளிச் சொன்னார். பொன்னுக்கு வீங்கியைச் சொன்னார், அந்த வாரத்தைச் சொன்னார், பல்லால் கடித்து மாட்டிய கொக்கியை மட்டும் மகள் இருப்பதால் விட்டுவிட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. "எனக்கும் எங்கம்மா போட்டுருக்காங்க" என்றாள். "ஆனா ஐயா, அது வந்தா பெரும்பாலும் ஒரு தடவதான் வரும். மறுபடி வர்றது அபூர்வம். அப்ப உங்களுக்கு ரெண்டு பக்கமும் வீங்குச்சா?"

"இல்ல. இதே பக்கம்தான்."

"வெறும் செயினு போட்டே அடங்கிடுச்சா? வேற ஒண்ணுமே பண்ணலயா?"

"பத்தியம் இருந்தேன். சங்கிலி போட்டா வாய் சுத்தமா இருக்கணும்னு வெதவெதன்னு உப்புத்தண்ணி குடுத்துக் கொப்புளிக்க சொல்லிக்கினே இருப்பா. அப்புறம் தங்கம் ஒடம்புக்குச் சூடு, அது தணியணும்னு ஒரு மாத்திரை குடுப்பா. பாதி செவப்பு, பாதி கருப்பு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "ஐயா, தங்கத்தோட சூட்டுக்குன்னு மாத்திரையே கிடையாது. நீங்க சொல்றதப் பாத்தா அது பல்லுல சீழ் புடிச்சா குடுக்கிற மாத்திரை மாதிரி இருக்கு. உங்க வீட்டம்மாவுக்கு அது பல்லுன்னு நல்லாத் தெரிஞ்சிருக்கு."

சக்கரபாணிக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. அந்த வாரத்தில் ஒரு நாள் மத்தியானத்துக்கு மேல் தைலம்மாள், "கண்டாச்சிபுரத்துல அக்காவப் பாத்துட்டு வர்றேன்" என்று சொல்லிப் போனாள். பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்தாள். வந்த கையோடுதான் மாத்திரை. கண்டாச்சிபுரம் வழியில் அப்போது மத்தியானத்துக்கு மேல் திரும்பி வர பஸ்ஸே கிடையாது. ஊருக்கெல்லாம் டைம் சொல்கிற கண்டக்டர், தன் வீட்டில் நடந்ததற்கு மட்டும் டைம் பார்க்கவில்லை. பக்கத்திலிருந்த விழுப்புரத்துக்குப் போய், இவருக்குப் பதிலாக அவள் டாக்டர் முன்னால் உட்கார்ந்து, இவர் வலியைத் தன் வாயால் சொல்லி, மாத்திரை வாங்கி வந்திருக்கிறாள். ஊசிக்குப் பயந்த புருஷனை ஊருக்கு முன்னால் காட்டிக்கொடுக்காமல், பெயரையெல்லாம் தங்கத்துக்கே கொடுத்துவிட்டாள்.

"சங்கவி" என்றார். "கழட்டும்மா."

சங்கவி பின்னால் வந்து நின்றாள். கொக்கியோடு மல்லுக்கட்டினாள். ஏசி அறையில் அவள் விரல்கள் சில்லென்றிருந்தன. வரவில்லை. குனிந்து, பிடரியில் முகத்தை வைத்து, பல்லால் கடித்தாள்.

"அய்யோ, பல்லால கடிக்காதீங்க! எங்கிட்டயே வந்து இப்படியா?" என்று டாக்டர் கத்தினாள்.

அது சக்கரபாணியின் காதில் விழவில்லை. பிடரியில் மூச்சுப் பட்டதும் வேறொரு குரல் விழுந்துவிட்டது. வீக்கம் வற்றிய அன்று தைலம்மாள் இதே மாதிரி கடித்துத்தான் சங்கிலியைக் கழற்றினாள். கழற்றிக்கொண்டே எதையோ சொன்னாள். இவர் அவள் மூச்சையும் விரலையும் மனசில் வாங்கினாரே தவிர பேச்சை வாங்கவில்லை. இத்தனை வருஷமும் அந்தக் காட்சியை ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்திருப்பார், ஊமைப்படமாகவே. இப்போது அதில் பேச்சு வந்தது.

"தோ பாருங்க, பொன்னு சொன்னா வீக்கம் ஒரு தடவதான் கேக்கும். மறுபடி வீங்குச்சின்னா சங்கிலியத் தேடிக்கினு இருக்கக் கூடாது. நேரா டாக்டராண்ட போவணும். எம்மேல சத்தியம். இன்னா, சரியா?"

"ம்" என்று சொல்லியிருந்தார். கேட்காமலே சொன்ன "ம்".

"ம்" என்றார் இப்போது சத்தமாக.

"வலிக்குதாப்பா?" என்றாள் சங்கவி. கண்ணில் தண்ணீர் வந்திருந்ததை அவள் பார்த்துவிட்டாள். அவர் இல்லையென்று தலையாட்டி, மெஷினுக்குள் தானாகவே போய் நின்றார்.

இரண்டாவது படத்தில் எல்லாம் தெளிவாக இருந்தது. இடது கோடியில் கடைசிக் கடைவாய்ப்பல் எலும்புக்குள் படுத்தவாக்கில், பக்கத்து சீட்டுக்காரன் மேல் சாய்ந்து தூங்கும் பிரயாணி மாதிரி, முன்னால் இருந்த பல்லின் மேல் சாய்ந்து கிடந்தது. நாற்பது வருஷமாக டிக்கெட் வாங்காத ஆள். கண்டக்டர் கவனிக்கவே இல்லை. அது இடித்து இடித்துப் பக்கத்துப் பல்லும் சொத்தையாகி, அடியில் சீழ் கட்டியிருந்தது.

"நடுவுல வலி நின்னுச்சு இல்ல? அது குணமானதில்ல ஐயா. பல்லோட நரம்பு செத்துப்போச்சு, அவ்வளவுதான். மாத்திரை அதத் தூங்க வைக்கும், எடுக்காது. கடிக்கும்போது வலி ரெண்டு நாளைக்கு மேல இருந்தாலே வந்திருக்கணும். வீங்கிடுச்சு, காய்ச்சல், வாய் தொறக்கலன்னா அன்னிக்கே வரணும். இன்னும் கொஞ்சம் உட்டிருந்தா கழுத்துல எறங்கி மூச்சையே அடைச்சிருக்கும். இன்னிக்கு ராத்திரி எச்சி முழுங்க முடியலன்னாலோ, மூச்சு வாங்குச்சுன்னாலோ எனக்குப் போன் பண்ணிக்கினு இருக்காதீங்க, முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடிடுங்க."

அன்றைக்கே சீழை எடுத்தாள். ஊசி போட்டபோது சக்கரபாணி நாற்காலியின் கையை நசுக்கிப் பிடித்தார். ஆனால் குதித்து ஓடவில்லை. சத்தியத்துக்குக் கட்டுப்பட்டவர் எங்கே ஓடுவது? வீக்கம் வற்றி, வாய் நன்றாகத் திறந்த பிறகு, இன்னொரு நாள் இரண்டு பல்லையும் எடுத்துத் தையல் போட்டார்கள்.

தையல் பிரிக்கப் போன அன்று அவர் வாய் பழையபடி நீண்டிருந்தது. ஆரோக்கியசெல்வியிடம் எந்த பஸ் எத்தனை மணிக்கு என்று டைம் சொன்னார். எல்லாம் முடிந்து சங்கவி பையை எடுத்துக்கொண்டு எழுந்தபோது, அவர் மட்டும் எழவில்லை.

"டாக்டரம்மா, ஒரு ஒதவி. அன்னிக்கு மொதல்ல எடுத்தீங்களே ஒரு எக்ஸ்ரே. அத அழிச்சிட்டீங்களா?"

"செயினோட எடுத்ததா? கம்ப்யூட்டர்ல இருக்கும். ஏன் ஐயா?"

"அத ஒரு பிரிண்ட்டு போட்டுக் குடுங்களேன்."

"அது வீணாப்போன படம் ஐயா. செயினுதான் மறைச்சிக்கினு இருக்கு. அதுல ஒண்ணுமே தெரியாது."

"எனக்குத் தெரியுதும்மா" என்றார் சக்கரபாணி.

டாக்டர் பிரிண்டரைப் போட்டாள்.